ஸ்டில்ட் + 5: சிவப்புக் குழாய் இருக்கு, தண்ணி வருமா? பில்டரிடமிருந்து சங்கம் ஏற்கும் முன் பார்க்க வேண்டியவை

கீழை_சங்கம்

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். கீழக்கரை–ஏர்வாடி சாலைப் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் ஒரு குடியிருப்பு. கீழே பார்க்கிங், மேலே 5 மாடி, 20 வீடு. வரைபடத்தில் உயரம் 17.9 மீட்டர். அடுத்த மாதம் பில்டர் சங்கத்திடம் ஒப்படைக்கிறார். படிக்கட்டு ஓரம் தீயணைக்க மாடிக்கொரு சிவப்புக் குழாய் வால்வும் பெட்டியும் இருக்கு. மொட்டை மாடியில் ஒரு பம்ப். தீயணைப்புத் தூள் சிலிண்டர் ஏழு. காகிதம்னு பார்த்தா பிளான் அப்ரூவல் நகலும் சிலிண்டர் வாங்கின பில்லும்தான்.

எதையெதை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடணும்? "இந்த உயரத்துக்குத் தீயணைப்பு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) தேவையில்லை" என்கிறார் பில்டர், சரியா? நாளைக்கு ஒன்று நடந்தால் பொறுப்பு யார் தலையில் விழும்?

வரைபடம்

நடுக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன் கணக்கில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதிக்கு 15 மீட்டரே உயர்மாடி. இடையில் இருக்கிற 3.30 மீட்டர் சரியாக ஒரு மாடி. அந்த ஒரு மாடியில்தான் பாதி பில்டர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். உங்கள் 17.9 தற்செயலாக வந்த எண் இல்லை.

உயர்மாடி அனுமதிக்கான என்.ஓ.சி. என்ற அளவில் அவர் சொல்வது நிற்கலாம். "அதனால் தீயணைப்பு ஏற்பாடே தேவையில்லை" என்று அதை நீட்டினால் நிற்காது. தேசிய விதித்தொகுப்பின் அட்டவணையில் 15 முதல் 35 மீட்டர் வரையிலான அடுக்குமாடிக் குடியிருப்புக்கு டவுன்கமர் (மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் தீயணைப்புக் குழாய்), ஹோஸ் ரீல் (உருளையில் சுற்றிய ரப்பர் குழாய்), கையால் அழுத்தும் அலாரம், மொட்டை மாடியில் 25,000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்ப் ஆகியவை வருகின்றன. குழாயும் பம்பும் போட்டிருக்கிறார் என்றால் அவருடைய ஆலோசகர் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். அந்த வரைபடத்தைக் கேளுங்கள். "தேவையில்லை" என்பதையும் அவருடைய லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ரெட்பைப்

காக்கா (அண்ணே), முதல்ல உங்ககிட்ட இருக்கிறது டவுன்கமரா வெட் ரைசரான்னு தெரிஞ்சுக்கோங்க. பம்ப் மேலே, தண்ணி மேலேயிருந்து கீழே வருதுன்னா டவுன்கமர். சம்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) பம்ப் மேலே ஏத்துதுன்னா ரைசர். நீங்க சொல்றதைப் பார்த்தா டவுன்கமர்தான்.

இதுல நிறையப் பேருக்குப் புரியாத இடம் ஒண்ணு. 10 மீட்டர் தண்ணி உயரத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ பிரஷர். உங்க கட்டடத்துல தரைத்தள வால்வைத் திறந்தா பம்ப் இல்லாமலே 1.9 கிலோ வாக்கில் வரும், பார்க்கப் பிரமாதமா பாயும். பில்டர் ஆள் அதைத்தான் திறந்து காட்டுவான். 5-ஆம் மாடி வால்வுக்கும் தொட்டித் தண்ணி மட்டத்துக்கும் நடுவுல நாலு மீட்டர்கூட இருக்காது. அங்க 0.3, 0.4தான் வரும், செடிக்கு ஊத்தலாம். அதுக்காகத்தான் மேலே பம்ப். அங்க 3 கிலோவாவது வர வைக்கணும். அதனால டெஸ்ட்னா மேல் மாடி வால்வுல, பம்ப் ஓட, ஹோஸ் மாட்டி, நாசில் வழியா. வேற எந்த டெஸ்ட்டையும் ஒத்துக்காதீங்க.

தொட்டியை டேப் வச்சு அளங்க. உள்ளளவு 4 × 4 மீட்டர்னா தண்ணி 1.6 மீட்டர் நின்னாத்தான் 25,600 லிட்டர். அடுத்து, வீட்டுக் குழாய் எங்கேயிருந்து எடுத்திருக்கான்னு பாருங்க. நம்ம கடற்கரையில இதுதான் முதல் கோளாறு. காவிரித் தண்ணி முறை வச்சு வருது, போர் உப்பு, சித்திரையில லாரிக்குக் காத்துக் கிடக்கணும். அப்ப எவனாவது தீத் தொட்டியில அடி லைன் போட்டு வீட்டுக்கு இழுத்துடுவான். முறைப்படி தண்ணி முதல்ல தீத் தொட்டிக்கு வந்து, அது நிறைஞ்சு வழிஞ்சுதான் வீட்டுத் தொட்டிக்குப் போகணும். அப்படி இருந்தா தண்ணி தேங்கிப் புழுக்காது, எவ்வளவு வறட்சி வந்தாலும் ரிசர்வ் இறங்காது. தொட்டி ஒண்ணேதான்னா வீட்டு அவுட்லெட்டின் வாய் அந்த 1.6 மீட்டருக்கு மேல இருக்கணும். அடியில இருக்கிற வாய் பம்புக்கு மட்டும்.

உப்புக் காத்து என்ன பண்ணும்னு ராத்திரி எழுதுறேன். அது தனிக் கதை.

கச்சான்

இதெல்லாம் சரி. 20 வீட்டுல பம்ப் சுவிட்ச் எங்க இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? வாட்ச்மேன் மூணு மாசத்துக்கு ஒருத்தர் மாறுறார். ஓட்டிக் காட்டினவன் போயிடுவான், யார் ஓட்டுறது?

நியூட்ரல்

கச்சான் அண்ணன் கேட்டது நியாயம். ஆனா சுவிட்ச் தெரிஞ்ச ஆள் பக்கத்துலயே நின்னாலும் பம்ப் ஓடாத கட்டடங்கள் உண்டு. தீ, புகைன்னு சத்தம் வந்ததும் யாரும் முதல்ல என்ன செய்வாங்க? கீழே ஓடி மெயினை ஆஃப் பண்ணுவாங்க. சரியான வேலைதான். ஆனா தீ பம்புக்குப் போற லைனை அந்த மெயினுக்குப் பின்னால எடுத்திருந்தா அந்த நொடியே பம்பும் செத்துடும். பம்புக்கான லைன் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிஞ்சு, தனி சுவிட்ச், தனி கேபிள், "தீ பம்ப் – அணைக்காதே" என்ற போர்டோட போகணும். அந்த கேபிள் தீயில கொஞ்ச நேரமாவது தாங்குற வகையா, வேற ஷாஃப்ட்டில் போகணும். ஜெனரேட்டர் இருந்தா அதிலேயும் பம்ப் ஏறணும்.

சோதிக்கிறது சுலபம். கட்டட மெயினை முழுசா இறக்குங்க. எல்லா வீட்டிலும் கரண்ட் போயிடுச்சுன்னு உறுதி பண்ணிட்டு, மேலே பம்பைப் போடுங்க. ஓடலைன்னா அந்த இடத்துலயே குறிச்சு வைங்க.

அடுத்து மீட்டர் போர்டு எங்கே? படிக்கட்டுக்கு அடியிலயா? நம்ம பக்கம் பத்துல எட்டுக் கட்டடத்துல அங்கதான் இருக்கு. அதுக்கு முன்னால ஸ்கூட்டர், அதுக்கு மேலே பழைய மெத்தை. மாடிக்காரர் தப்பிக்க இருக்கிற ஒரே வழியின் அடியில அடுப்பு வச்ச மாதிரி. கடலோரத்துல அலுமினியக் கேபிளும் செம்புக் கட்டையும் சேர்ற இடத்துல உப்பு ஈரம் பட்டு அரிக்கும், இணைப்பு தளரும், சூடாகும், ஒருநாள் இன்சுலேஷன் கருகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மெயினை இறக்கிட்டு லக்குகளை (கேபிள் நுனியில மாட்டுற உலோகக் காது) முறுக்கி, அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டல் லக் போட்டிருக்கான்னு பாருங்க. கருப்பா, பச்சையாப் பூத்திருக்கிற இடம் எல்லாம் மாத்த வேண்டிய இடம்.

வீட்டுக்குள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) அடிக்கடி விழுதுன்னு எலக்ட்ரீஷியனை வச்சு நேரா ஜம்பர் போட்டுக்கிறாங்க. அது விழுறதே எங்கேயோ உப்பு ஈரத்துல கரண்ட் கசியுதுன்னு சொல்லத்தான். பால்கனி பிளக், ஏ.சி. வெளி யூனிட், மொட்டை மாடி மோட்டார், இந்த மூணையும் முதல்ல பாருங்க.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜிங்கைப் படிக்கட்டு வாயில விடவே கூடாது. தூண் வரிசைக்கு வெளியே, திறந்த ஓரமா, தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி.யோட பாயின்ட் கொடுங்க. கழற்றி எடுக்கிற பேட்டரியை வீட்டு வாசக்கதவு பக்கத்துல வச்சு ராத்திரி சார்ஜ் போடுறது இன்னும் மோசம். அது பத்தினா வெளியேற வழியே அதுதான். லித்தியம் பேட்டரிக்குத் தூள் சிலிண்டர் அடிச்சா ஜுவாலை அடங்கும், ஆனா உள்சூடு போகாது, திரும்பப் பிடிக்கும். குளிர வைக்கத் தண்ணிதான் வேணும், நிறைய வேணும்.

கச்சான்

பார்க்கிங்கைப் பத்திச் சொன்னீங்க, இன்னும் ஒண்ணு சேருங்க. வலை. நைலான் வலை மூட்டை, தெர்மாகோல் மீன் பெட்டி, என்ஜின் வள்ளத்துக்கு வாங்கின மண்ணெண்ணெய், பெட்ரோல் கேன். கரையில வைக்க இடம் இல்லைன்னு லிஃப்ட் அறை, ஸ்டில்ட் மூலைன்னு எல்லா இடத்துலயும் அடுக்கி வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா நம்ம சாதிசனம்தானே என்பார்கள்.

சாயல்குடி_101

அதை விளையாட்டாக விட வேண்டாம். தெர்மாகோல் எரிந்தால் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் பிடிக்கும், புகை கறுப்பாக இருக்கும். 2025 நவம்பர் 26-ல் ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் வாங் ஃபுக் கோர்ட் என்ற குடியிருப்பில் பழுதுபார்ப்புக்காகக் கட்டியிருந்த சாரம், வலைத்துணி, ஜன்னல்களில் ஒட்டிய நுரைப் பலகை வழியாக ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கென்று ஏழு கோபுரங்களுக்குத் தீ பரவியது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே உயரம் 30 மாடிக்கு மேல். பொருள் இங்கே பார்க்கிங்கில் கிடக்கிற அதே வகைதான்.

இந்த மாவட்டத்துக்கென்று சில நடைமுறைக் கணக்குகள். தீயணைப்பு வண்டி ஒன்றில் பொதுவாக 4,500 லிட்டர் தண்ணீர். ஒரு நாசிலில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் 10 நிமிடம். பிறகு வண்டி தண்ணீர் தேடிப் போகும். நெட்டேணி 35 அடி, மூன்றாம் மாடி ஜன்னல் வரை எட்டினால் பெரிது. வான்தூக்கி வண்டி வரும் என்ற நம்பிக்கையில் கட்டடத்தைத் திட்டமிடாதீர்கள். இராமேஸ்வரம் தீவுக்கு இராமநாதபுரத்திலிருந்து கூடுதல் வண்டி வர வேண்டுமென்றால் சுமார் 55 கிலோமீட்டர், கடைசியில் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றே வழி. அமாவாசைக் கூட்டத்தில் அந்தப் பாலத்தின் நிலை எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே முதல் 20, 30 நிமிடத்துக்குக் கட்டடமே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். 25,000 லிட்டரை 900-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 28 நிமிடம். அந்தத் தொட்டியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் இழுப்பவர் இழுப்பது இந்த நிமிடங்களை.

தரைத்தளத்தில் தீயணைப்பு வண்டி ஹோஸ் மாட்டும் இன்லெட் இருக்கிறதா பாருங்கள். வண்டி வந்த பிறகு வெளியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் ஏற்ற அதுதான் வழி. அதன் முன்னால் கார் நிறுத்தத் தடை போடுங்கள். கேட்டுக்கு மேலே ஆர்ச் கட்டி அழகு பார்க்கிறார்கள். வண்டி நுழைய நாலரை மீட்டர் அகலம், அதற்குக் குறையாத உயரம் வேண்டும்.

நூர்

சாயல்குடி சார், ஒரு சந்தேகம். பொருளாளர் என்ற முறையில் கேக்குறேன். வீடுகள்ல பால்கனி, ஜன்னல் எல்லாத்துக்கும் கம்பி கிரில் அடிச்சிருக்காங்க, பிள்ளைங்க விழுந்துடக் கூடாதுன்னு. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, திருட்டுப் பயம். படிக்கட்டு காற்று ஜன்னலையெல்லாம் மழைச்சாரல் வருதுன்னு பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடைச்சாச்சு. இதுல எதை எடுக்கணும், எதை விடலாம்?

இன்னொண்ணு, தீன்னா வெளியே ஓடணுமா, வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திட்டு இருக்கணுமா? ரெண்டு மாதிரியும் படிக்கிறேன்.

சாயல்குடி_101

ஏர்வாடி உங்களுக்குப் பக்கம்தான். 2001 ஆகஸ்ட் 6-ல் மனநலக் காப்பகம் ஒன்றில் 28 பேர் இறந்தது கொட்டகை எரிந்ததால் மட்டும் இல்லை. அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். திறக்க முடியாத கிரிலும் சாவி கிடைக்காத பூட்டும் அந்த வகையில்தான் சேரும்.

படிக்கட்டு ஜன்னல் ஷீட்டை இன்றைக்கே கழற்றுங்கள் அக்கா. மூன்றில் அதுதான் மோசம். இந்த அளவுக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் காற்றழுத்த விசிறி கிடையாது. புகை வெளியேற மாடிக்கு மாடி அரை சதுர மீட்டர் திறப்பு மட்டும்தான் இருக்கிறது. அதை அடைத்தால் படிக்கட்டு புகைபோக்கி. சாரல் பிரச்சினை என்றால் சாய்வுப் பட்டை லூவர் வையுங்கள், திறப்பு குறையாமல். மொட்டை மாடிக் கதவுக்கு உள்ளிருந்து சாவியில்லாமல் தள்ளினால் திறக்கும் பார் பொருத்தினால் திருட்டுப் பயமும் இல்லை. கிரிலில் வீட்டுக்கு ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிற கீல் கதவாக, 60 × 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சாவி அதே சுவரில், பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில்.

ஓடுவதா இருப்பதா என்பதற்கு லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தைச் சொல்வார்கள். 2017 ஜூன் 14. நான்காம் மாடியில் ஒரு ஃப்ரிட்ஜில் தொடங்கியது. முதல் அழைப்பு இரவு 12:54-க்கு. "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரை 2:47-க்குத்தான் கைவிடப்பட்டது. 24 மாடிக்கு ஒரே படிக்கட்டு, இறந்தவர்கள் 72. அந்த அறிவுரை, ஒரு வீட்டுத் தீ அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் அடங்கி நிற்கும் என்று நம்பித் தரப்பட்டது. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினியத் தகடுகளின் நடுவில் பாலித்தீன் இருந்ததால் தீ வெளியே ஏறியது.

நம் கட்டடங்களில் வீட்டு வாசலில் இருப்பது சாதாரண ஃப்ளஷ் கதவு, தீக்கதவு இல்லை. அதனால் "இரு" என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். தீ உங்கள் வீட்டிலோ கீழ் மாடியிலோ, படிக்கட்டில் புகை இல்லை என்றால் உடனே இறங்குங்கள், கதவைச் சாத்திவிட்டு. லிஃப்ட் வேண்டாம். கதவைப் புறங்கையால் தொட்டுச் சூடாக இருந்தாலோ படிக்கட்டில் கறுப்புப் புகை இருந்தாலோ வெளியே வராதீர்கள். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, தெருப்பக்கப் பால்கனிக்குப் போய் 101 அல்லது 112. கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் நிற்கும். புகைதான் கொல்லும்.

இங்கே காற்று இன்னொரு கணக்கு. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மேற்குப் பக்க ஜன்னல் திறந்திருக்க, வாசல் கதவையும் திறந்தால் அறைத் தீ மொத்தமும் நடைபாதைக்குப் பாயும். எரிகிற வீட்டின் கதவைத் திறந்து "பார்ப்பது" வேடிக்கை இல்லை. வாடைக்காலத்தில் திசை மாறும், விஷயம் அதேதான்.

ரெட்பைப்

சொன்னபடி உப்பு.

ஹோஸ் பெட்டி: தகரப் பெட்டி ரெண்டு வருஷத்துல கீல் அரிச்சு, கதவு திறக்க வராது. ஃபைபர் பெட்டியா மாத்துங்க. பூட்டு வேண்டாம், கண்ணாடி மட்டும்.

கப்ளிங்: அலுமினியக் கலவைன்னா வெள்ளையாப் பூத்து ரெண்டும் ஒட்டிக்கும். கன்மெட்டல் அல்லது 316 ஸ்டெயின்லெஸ். 304-ஐக் காட்டி 316 விலை சொல்லுவான், பில்லுல எழுதி வாங்குங்க. மாட்டுற இடத்துல ரெண்டு பக்கமும் இழுக்கிற காது இருக்கும், அதுக்குள்ள ஸ்பிரிங். அது உப்பு பிடிச்சா ஹோஸ் "கிளிக்"னு உட்காராது. பிரஷர் வந்ததும் கழன்று முகத்துல அடிக்கும்.

லேண்டிங் வால்வு (மாடிக்கொண்ணா இருக்கிற அந்தச் சிவப்புக் குழாய் வால்வு): மாசம் ஒரு தடவை முழுசாத் திறந்து மூடி, ஸ்பிண்டில்ல கிரீஸ். சக்கரத்தைத் திருட்டுப் பயலுக கழட்டிட்டுப் போவாங்க, கன்மெட்டல் விலை அப்படி. கீழே அறையில ரெண்டு ஸ்பேர் வைங்க.

குழாய்: வெளியில பெயின்ட் பளபளன்னு இருக்கும். கிளாம்ப் கடிக்கிற இடத்தையும் சுவருக்குள்ள நுழையுற இடத்தையும் நகத்தால சுரண்டிப் பாருங்க, அங்கதான் முதல்ல ஓட்டை விழும். உள்ளே போர் தண்ணி நின்னா துருமுடிச்சு கட்டும். ஓட்டின அன்னைக்கு அது உடைஞ்சு வந்து நாசிலை அடைக்கும். அதனால வருஷம் ரெண்டு தடவையாவது நாசில் இல்லாம, ஹோஸைத் தெருவுல விட்டு, தண்ணி தெளியுற வரைக்கும் ஃப்ளஷ். நல்ல தண்ணி கிடைக்கிற மழைக்காலத்துல தொட்டியை மாத்துங்க.

ஹோஸ்: 63 மில்லிமீட்டர், 15 மீட்டர் நீளம், பெட்டிக்கு ரெண்டு. ஈரத்தோட சுருட்டி வச்சா மடிப்புல நைஞ்சு போகும். தொங்கவிட்டுக் காயவச்சு, மறுபடி சுருட்டும்போது மடிப்பை மாத்திச் சுருட்டணும்.

சிலிண்டர்: ஐ.எஸ். 2190 என்ற இந்தியத் தரவிதிப்படி தூள் சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருக்கா, கார்பன் டை ஆக்சைடுக்கு 5 வருஷத்துக்கு ஒருக்கா பிரஷர் டெஸ்ட். ஆயுள் தூளுக்கு 10 வருஷம். நம்ம ஈரக்காத்துல தூள் கட்டி தட்டும். முள் பச்சையிலதான் நிக்கும், அழுத்தினா வாயு மட்டும் சீறிட்டு நின்னுடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தலைகீழாக் கவிழ்த்து, தூள் சரசரன்னு இறங்குதான்னு காது வச்சுக் கேளுங்க. தரையில நேரா வச்சா அடி வளையம் அரிக்கும், சுவர்ல மாட்டுங்க.

நூர்

வீட்டுக்குள்ள பி.வி.சி. சீலிங் போட்டிருக்கோம், ஜிப்சம் உப்புக் காத்துக்கு ஊறுதுன்னு. அதுவும் ஆபத்தா?

நியூட்ரல்

ஆமா அக்கா. எரிஞ்சா உருகிச் சொட்டும், ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணும் மூச்சும் உடனே அடைக்கும். சீலிங்குக்கு மேல ஒயரைக் கண்டியூட் இல்லாம விட்டிருப்பாங்க, எல்.இ.டி. டிரைவர் அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்திருக்கும். பலகையை எடுக்க மனசில்லைன்னா டிரைவரை கான்கிரீட் தளத்துல ஸ்க்ரூ பண்ணுங்க, ஒயரைக் குழாய்க்குள்ள போடுங்க. சமையலறையில மட்டும் பி.வி.சி. சீலிங் வேண்டவே வேண்டாம்.

கச்சான்

எல்லாரும் பொருளைப் பத்தியே பேசுறீங்க. காக்காவோட மூணாவது கேள்வி நிக்குது. யார் தலை?

வரைபடம்

கிரென்ஃபெல்லிலேயே இதுதான் பெரிய கேள்வி. ஆலோசகர் ஒப்பந்தக்காரரைக் காட்டினார், ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரை, அவர் தகடு செய்த கம்பெனியை, கம்பெனி சான்று கொடுத்தவரை. விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பர் 4-ல் வந்தது, தீ நடந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு. அதற்குள் பிரிட்டனில் 2022-ல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 18 மீட்டரோ 7 மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புக்குச் சட்டப்படி 'பொறுப்பாளர்' ஒருவர் இருந்தாக வேண்டும். கட்டடத்தின் பாதுகாப்புத் தகவல் முழுக்க அவர் கையில், காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டு இருக்க வேண்டும்.

நம்மிடம் அந்தப் பதவி இல்லை. பொறுப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தது 2004 ஜூலை 16. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014-ல். 

உங்களுக்குப் பொருந்துவது இவ்வளவு. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3): ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானம், வேலைத்தரம், சேவை வசதி ஆகியவற்றில் குறை தெரிந்து சொன்னால் பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தீயணைப்புக் குழாயும் பம்பும் சேவை வசதிதான். 17-ஆம் பிரிவின்படி பொது இடங்களுக்கான வரைபடமும் ஆவணமும் சங்கத்துக்கு வர வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு பராமரிப்பு தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-ன் கீழ் சங்கத்தின் வேலை. பம்பை ஓட்டாமல் விட்டது சங்கம் என்றால் பில்டர் கைகழுவிவிடுவார். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106, தீயை அலட்சியமாகக் கையாண்டால் 287. அவை நபர் மேல் பாயும், "சங்கம்" என்ற பெயர்ப்பலகை மேல் அல்ல.

நூர்

அப்ப கையெழுத்தே போட வேண்டாமா? லிஃப்ட்டும் தண்ணி மோட்டாரும் அவர் ஆள் கையில இருக்கே.

ரெட்பைப்

போடாதீங்கன்னுதான் நான் சொல்வேன். குறையை முடிச்ச பிறகுதான் சாவி.

வரைபடம்

அதில் எனக்கு உடன்பாடில்லை. மறுத்தால் ஆறு மாதம் யாரும் பம்பைத் தொட மாட்டார்கள், அதுதான் அதிக ஆபத்து. குறைப் பட்டியலை இணைத்து, "இவை நீங்கலாக ஏற்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே அளவு, தேதி, படம். "பம்ப் சரியில்லை" என்று எழுதாதீர்கள். "5-ஆம் மாடி வால்வில், பம்ப் ஓடும்போது, இத்தனை கிலோ" என்று எழுதுங்கள். பதிவுத் தபாலில் ஒரு நகல். மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்துக்குப் பார்வையிடக் கோரி ஒரு மனு, ஏற்புச் சீட்டோடு.

சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, ஒருவர் பெயரையும் அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவர் பெயரையும் எழுதுங்கள். வாரம் பம்ப் ஓட்டம், மாதம் வால்வு, ஆறு மாதம் மீட்டர் போர்டு என்று ஒரே நோட்டு, அதில் அவர்கள் கையெழுத்து. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் வந்து போனால் அவனும் அதே நோட்டில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தனி ரசீது போதாது.

கச்சான்

அந்தப் பெயருக்கு எவனும் வர மாட்டான். வழக்கு வந்தா முதல்ல அவனைத்தானே பிடிப்பாங்க?

வரைபடம்

நோட்டு வைத்திருப்பவரை அந்த நோட்டே காப்பாற்றும். "மார்ச்சில் 0.4 கிலோ என்று எழுதி, பில்டருக்குத் தபால் அனுப்பினேன்" என்று காட்ட முடிந்தவர் நிலை வேறு, தலைவர் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் பார்க்காதவர் நிலை வேறு. பயம் இரண்டாமவருக்குத்தான் இருக்க வேண்டும்.

கீழை_சங்கம்

எல்லாருக்கும் நன்றி. ரெட்பைப் சொன்னபடி அளந்தோம். தொட்டி சரி, வீட்டு லைன் அடியிலிருந்து எடுத்திருக்கு, பட்டியலில் எழுதியாச்சு. மெயினை இறக்கினா பம்ப் நின்னுது, அதுவும் எழுதியாச்சு. புரியாத ஒண்ணு: பம்ப் ஓடுது, சத்தம் நல்லா வருது, ஆனா 5-ஆம் மாடியில் கேஜ் 0.4, தரையில் 2. பம்ப் போட்டாலும் போடாவிட்டாலும் ஏறத்தாழ அதே அளவு. பில்டர் ஆள் பம்ப் சின்னது, பெருசு வாங்கணும்னு எஸ்டிமேட் நீட்டுறான்.

ரெட்பைப்

பெருசு வாங்காதீங்க காக்கா. ரெண்டே காரணம்தான். ஒண்ணு, த்ரீ பேஸ்ல ரெண்டு ஒயர் மாறி மோட்டார் தலைகீழாச் சுத்துது. சத்தம் அதேதான் வரும், பிரஷர் பாதிகூட வராது. பம்ப் உடம்புல அம்புக்குறி இருக்கும், மோட்டார் பின்னால விசிறி சுத்துற திசையை அதோட ஒத்துப் பாருங்க. ரெண்டு, பம்பைச் சுத்தி ஒரு பைபாஸ் லைன் போகும், அதுல ஒரு என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் தண்ணி விடுற வால்வு). கரண்ட் இல்லாதப்ப தண்ணி சும்மாவே இறங்குறதுக்கு. அந்த என்.ஆர்.வி. தட்டு உப்பு பிடிச்சுத் திறந்தபடியே நின்னா, பம்ப் தள்ளுற தண்ணி முழுக்க அது வழியாத் தொட்டிக்கே திரும்பிடும். சோதனைக்கு பைபாஸ் ஷட்டரை மூடிட்டு பம்பைப் போடுங்க.

கீழை_சங்கம்

அம்பும் விசிறியும் ஒரே திசைதான். பைபாஸை மூடினதும் 5-ஆம் மாடியில் 3.2 கிலோ.

ரெட்பைப்

என்.ஆர்.வி.தான். கன்மெட்டல் உடம்பு, ரப்பர் சீட் வச்சதா மாத்தச் சொல்லுங்க, பில்டர் செலவுல, 30 நாள் கணக்கோட. மாத்தின பிறகு பைபாஸ் ஷட்டரைத் திறந்து, கைப்பிடியைச் சங்கிலி போட்டுத் திறந்த நிலையிலேயே கட்டிடுங்க. மூடியே விட்டீங்கன்னா கரண்ட் போன நேரத்துல கீழ் மாடிக்குக்கூடத் தண்ணி, நின்னுபோன பம்பைத் துளைச்சுக்கிட்டுத்தான் வரணும். திறந்ததும் இன்னொரு தடவை 5-ஆம் மாடியில கேஜ் பாருங்க, 3-க்கு மேல நின்னா அந்த அளவைத் தேதி போட்டு நோட்டோட முதல் வரியா எழுதுங்க.